மின்சாரத்தை மண் குடிப்பதில்லை

மூன்று துளை சாக்கெட்டில் கீழே உள்ள இரண்டு துளைகளில் ஒன்று பழுதானால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். மிக்ஸி சுற்றாது, அயர்ன் பாக்ஸ் சூடேறாது, வீட்டில் யாராவது எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிடுவார்கள். மேலே இருக்கும் பெரிய துளையின் பின்னால் பச்சை வயரே வந்து சேராமல் இருந்தால் எதுவும் நிற்காது. ஃப்ரிட்ஜ் குளிரும், வாஷிங் மெஷின் துவைக்கும், கீசர் சுடுநீர் தரும். பதினைந்து வருடம்கூட அப்படியே ஓடும். வீட்டு வயரிங்கில் தான் இல்லை என்பதைக் காட்டிக்கொள்ளாத பகுதி எர்த் ஒன்றுதான். வீடு கட்டும்போது கையிருப்பு கரைந்துபோன கடைசிக் கட்டத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கட்டுரை பச்சை வயர் வராத வீடுகளைப் பற்றி மட்டும் அல்ல. ஒழுங்காக வந்திருக்கும் வீடுகளைப் பற்றியும்தான். எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, எல்லா சாக்கெட்டுக்கும் பச்சை வயர் இழுத்துவிட்ட வீட்டில்கூட, எர்த் தனியாக நின்று உயிரைக் காப்பாற்றிவிடாது. நம் ஊர் வீட்டு இணைப்புகள் அமைந்திருக்கும் விதத்தில் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மறுபாதியைச் செய்யும் கருவி மெயின் போர்டில் இல்லாத வீடுகள் இன்னும் ஏராளம்.

இந்தக் குழப்பத்தின் வேர் நாம் சிறுவயதில் கற்றுக்கொண்ட ஒரு விளக்கத்தில் இருக்கிறது. கசியும் மின்சாரம் எர்த் வயர் வழியாகப் பூமிக்குள் போய்விடும், பூமி அதை வாங்கிக்கொள்ளும், நமக்கு ஒன்றும் ஆகாது என்பது அந்த விளக்கம். இடியைப் பார்த்துப் பழகிய மனத்துக்கு இது இயல்பாகத் தோன்றும். உண்மையில் மண்ணுக்கு மின்சாரத்தைக் குடிக்கும் வேலை கிடையாது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் அதே டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் திரும்பியாக வேண்டும். வழக்கமாக அது பேஸ் வயரில் வந்து நியூட்ரல் வயரில் திரும்புகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் அங்கேயே மண்ணிலும் புதைத்து இணைக்கப்பட்டிருப்பதால், திரும்புவதற்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: வீட்டு எர்த் குழியில் இறங்கி, இடையிலுள்ள மண்ணைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாக ஏறுவது. ஆக, எர்த் என்பது மின்சாரம் போய் முடிகிற இடமாக இல்லாமல் திரும்பும் பாதையின் ஒரு பகுதியாக இருக்கிறது. அந்தப் பாதை எவ்வளவு நல்லதாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் துலங்கும். ஒரு கிரைண்டரின் மோட்டாரில் இன்சுலேஷன் தேய்ந்து, பேஸ் வயர் அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு எர்த் குழியின் மின்தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் தடை 2 ஓம். செம்மண்ணும் பாறையும் கலந்த நிலத்தில், கோடைக்காலத்தில், வீட்டுக் குழிக்கு 20 ஓம் என்பது மோசமான எண்ணே அல்ல. 230 வோல்ட்டை 22 ஓமால் வகுத்தால் சுமார் பத்தரை ஆம்பியர் மண்ணுக்குள் ஓடுகிறது. இந்தப் பத்தரை ஆம்பியர் 20 ஓம் தடையைக் கடக்கும்போது அங்கே விழும் அழுத்தம் ஏறக்குறைய 209 வோல்ட். அந்த 209 வோல்ட் எங்கே நிற்கிறது? கிரைண்டரின் உடம்புக்கும், சமையலறையில் ஈரத்தரையில் நின்று மாவு வழிப்பவரின் கால்களுக்குக் கீழே உள்ள மண்ணுக்கும் இடையில். எர்த் கொடுத்த கிரைண்டர், எர்த் கொடுக்காத கிரைண்டரைவிட 21 வோல்ட்தான் குறைவான ஆபத்தில் இருக்கிறது. அதோடு முடியவில்லை. வீட்டின் எல்லா பச்சை வயர்களும் ஒரே குழியில்தான் சேர்கின்றன. எனவே கிரைண்டரில் வந்த பழுது ஃப்ரிட்ஜின் கதவிலும், வாஷிங் மெஷினின் உடம்பிலும், குளியலறைக் கீசரின் உடம்பிலும் அதே 209 வோல்ட்டைக் கொண்டுபோய் வைக்கும்.

இந்த இடத்தில் படித்த வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: அதற்குத்தானே எம்.சி.பி. இருக்கிறது, அது விழுந்துவிடுமே? கேள்வி நியாயமானது; பதில்தான் சங்கடமானது. கிரைண்டர், ஃப்ரிட்ஜ் போன்றவற்றின் சாக்கெட் லைனுக்குப் பெரும்பாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருப்பார்கள். பத்தரை ஆம்பியர் என்பது அதன் கண்ணுக்கு ஒரு சாதாரண லோடு. ஒரு சின்ன ஹீட்டர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அது நாள் முழுக்க அசையாமல் நிற்கும். வீடுகளில் அதிகம் பொருத்தப்படும் 'சி' வகை எம்.சி.பி. உடனடியாக விழ வேண்டுமென்றால் அதன் மதிப்பைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு மின்னோட்டம் வேண்டும்; அதாவது 80 முதல் 160 ஆம்பியர். 160 ஆம்பியரை உறுதியாகப் பெற வேண்டுமானால் குழி, மண், டிரான்ஸ்ஃபார்மர், வயர் எல்லாம் சேர்ந்த தடை சுமார் 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் தன் மனையில் தோண்டும் ஒற்றைக் குழியால் இது ஆகக்கூடிய காரியம் அல்ல. எம்.சி.பி. செய்யப்பட்டது வயரைக் காப்பாற்றுவதற்கு. அளவுக்கு மீறிச் சூடாகி வயர் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் தொழில். அதைச் செம்மையாகச் செய்கிறது. மனிதரைக் காப்பாற்றும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றியது நாம்தான். பழைய கிட்கேட் ப்யூஸுக்கும் இதே கதைதான். கையில் கிடைத்த செம்புக் கம்பியை அதில் சுற்றிவைத்திருக்கும் வீடுகளில் வயருக்கும் பாதுகாப்பு இல்லை. அந்தப் பத்தரை ஆம்பியர் கசிவை இன்றைய மின்மீட்டர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்: ஒரு நாளைக்கு ஐம்பது யூனிட்டுக்கு மேல். ஆபத்தை முதலில் கண்டுபிடிப்பது கரண்ட் பில்லாக இருப்பது நம் வீடுகளின் விசித்திரம்.

மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்தால் எம்.சி.பி.யின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் உள்ள தூரம் புரியும். அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் மின்கம்பியைக் கொடுத்து, எந்த அளவுக்கு மேல் அவர்களால் அதை விட முடியாமல் போகிறது என்று அளந்தவர். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்குச் சுமார் பத்தரை மில்லிஆம்பியர். அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும். கை பிடித்ததைப் பிடித்தபடியே நிற்கும். பேச்சுவழக்கில் கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது என்கிறோமே, அது நம் தசையின் வேலைதான். ஐம்பது மில்லிஆம்பியரைத் தாண்டி, அது ஒரு நொடி, இரண்டு நொடி நீடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும் ஆபத்து வருகிறது. ஈரமான உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 209 வோல்ட்டில் பாய்வது 209 மில்லிஆம்பியர். ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆளைக் கொல்ல இது தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கவனத்தை ஈர்க்க இது போதவே போதாது. இத்தகைய அளவுகளைப் பெறுவதற்காக ஆஸ்திரியப் பொறியாளர் கோட்ஃப்ரீட் பீகல்மையர் தன் உடம்பிலேயே மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். இன்று உலகமெங்கும் மின்பாதுகாப்பு விதிகளில் காணும் வரம்புகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

அந்த மறுபாதி வேலையைச் செய்யும் கருவிக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். கடைக்காரர்களும் வயர்மேன்களும் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள்; இலங்கைத் தமிழர்களுக்கு அது ட்ரிப் சுவிட்ச், அங்கே வீட்டுக்கு வீடு பழகிய பொருள். அது செய்வது எளிய வரவு செலவுக் கணக்கு. பேஸ் வயரும் நியூட்ரல் வயரும் உள்ளே ஒரு காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போன மின்னோட்டம் முழுதும் திரும்பி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி வளையத்தில் எதுவும் தோன்றாது. போனதைவிட வந்தது குறைந்தால், குறைந்த அளவு வேறு ஏதோ வழியில், அதாவது எர்த் வயரிலோ ஒரு மனித உடம்பிலோ வெளியேறுகிறது என்று பொருள். அந்தக் குறை 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் கருவி இரண்டு வயர்களையும் துண்டித்துவிடும். 150 மில்லிஆம்பியரும் அதற்கு மேலும் கசிந்தால் ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி. ஒரு இதயத் துடிப்புக்கு ஆகும் நேரத்தில் இது மிகச் சிறிய பகுதி. 1950களில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் இவ்வகைக் கருவியை உருவாக்கினார்; டால்சீல் தன் ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வடிவத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்க வயரிங் விதிகள் 1968இல் நீச்சல் குளங்களுக்கும் 1975இல் குளியலறைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கின. இன்று நம் மெயின் போர்டில் இதைப் பார்த்து யாராவது இது ஏதோ புது ஃபேஷன் என்றால், அந்த ஃபேஷனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

இப்போது முன்னே போட்ட கணக்கைத் திரும்பப் போடலாம். அதே கிரைண்டர், அதே 20 ஓம் குழி, ஆனால் மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. பேஸ் வயர் கிரைண்டரின் உடம்பைத் தொட்ட கணமே பத்தரை ஆம்பியர் எர்த் வழியாகப் பாயப் பார்க்கிறது. கருவி கேட்பதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். யாரும் கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே லைன் விழுந்துவிடும். குழியின் தடை 20க்குப் பதில் 200 ஓமாக இருந்தாலும் இதே முடிவுதான். உடம்புக்குப் பெரிய ஆபத்தில்லை என்று விதிகள் ஏற்கும் எல்லை 50 வோல்ட். அந்த எல்லைக்குள் நிற்க, கணக்குப்படி 1,600 ஓம் குழிகூடப் போதும். நம் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. டெல்டாவின் ஈரக் களிமண்ணில் எர்த் எளிதாகக் கிடைத்துவிடும்; பாறை மேட்டில் கட்டிய வீட்டுக்கு எத்தனை மூட்டை உப்பு கொட்டினாலும் நல்ல எண் கிடைக்காது. மண்ணோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, மோசமான மண்ணிலும் வேலை செய்யும் கருவியை வைப்பது புத்திசாலித்தனம்.

அப்படியானால் எர்த்தே வேண்டாமே என்று ஒரு கேள்வி எழும். எர்த் இல்லாத பழைய வீட்டுக்காரர்கள் இதை ஆவலோடு கேட்பார்கள். பச்சை வயர் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் வேலை செய்யும் தருணம் மாறிவிடுகிறது. எர்த் இருந்தால் பழுது வந்த நொடியில், ஆள் தொடாமலே, துண்டிக்கிறது. எர்த் இல்லாவிட்டால் கசிந்த மின்சாரத்துக்கு வெளியேற வழி இல்லை. கிரைண்டரின் உடம்பு முழு 230 வோல்ட்டோடு அமைதியாகக் காத்திருக்கும். முதலில் தொடுபவரின் உடம்புதான் வழியைத் திறக்கும், அதன் பிறகே கருவி விழும். பெரும்பாலும் உயிர் தப்பும். ஆனால் ஸ்டூலில் ஏறி நின்று கீசரைத் தொட்டவர் அந்த ஒரு உதறலில் கீழே விழுந்தால், அதை ஆர்.சி.சி.பி. தடுக்காது. கருவியும் இயந்திரம்தான், அதுவும் ஒருநாள் சிக்கிக்கொள்ளலாம். இரண்டும் இருக்கும் வீட்டில்தான் ஒன்று தவறினால் மற்றொன்றுக்கு வாய்ப்பு இருக்கிறது. மாட்டு வண்டிக்கு ஒரு சக்கரம் போதும் என்று யாரும் பேரம் பேசுவதில்லை.

நடைமுறையில் நான் கேள்விப்படும் ஆட்சேபங்களில் மிகவும் வலுவானது வேறு: ஆர்.சி.சி.பி. போட்டோம், அடிக்கடி ட்ரிப் ஆகிறது, ஃப்ரிட்ஜில் வைத்ததெல்லாம் கெட்டுப்போகிறது, அதனால் எலக்ட்ரீஷியன் அதை பைபாஸ் செய்துவிட்டுப் போனார். இதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உண்மையான காரணங்கள் உண்டு. கம்ப்யூட்டர், டி.வி., வாஷிங் மெஷின், எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை இயல்பாகவே சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்கு விடும். லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவும்போது எறும்பு ஊர்வதுபோல் உறுத்துமே, எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகியதால் அந்தச் சிறு கசிவு நம் விரலைத் தேடி வருவதுதான் அது. இப்படி ஒவ்வொன்றும் விடும் சிறுதுளி சேர்ந்து பத்து, பதினைந்து மில்லிஆம்பியர் ஆகிவிட்டால், 30 என்று எழுதியிருக்கும் கருவி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதற்குத் தீர்வு கருவியைத் தூக்கி எறிவதில் இல்லை. முழு வீட்டையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் கட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்தால் போதும்; ஃப்ரிட்ஜுக்குத் தனியாக ஒன்று கொடுத்துவிட்டால் மாடி பாத்ரூம் கீசரின் பழுதுக்குச் சமையலறை பலியாகாது. சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. வரவேற்பறையின் ஃபால்ஸ் சீலிங் விளக்குகளுக்கு ஆகும் தொகையோடு வைத்துப் பார்த்தால் பேசவே தேவையில்லாத செலவு.

ஆனால் பழைய வீடுகளில் ட்ரிப் ஆவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது கசிவைவிடப் பொல்லாதது. சாக்கெட்டுக்குப் பச்சை வயர் வரவில்லை, வீட்டுக்காரர் எர்த் வேண்டும் என்கிறார் அல்லது கம்ப்யூட்டர் யூ.பி.எஸ். பொருத்த வந்தவர் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அதிகம் காட்டுகிறது என்கிறார். உடனே சாக்கெட்டின் பின்னால் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவது நம் ஊரில் ஊறிப்போன குறுக்குவழி. அதன்பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மூன்று விளக்குகள் எரியும் சின்ன சாக்கெட் டெஸ்டரும் சரி என்றே சொல்லும். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஆபத்து தலைகாட்டாது. காற்றடித்த நாளில் கம்பத்திலோ, துருப்பிடித்து மெயின் போர்டிலோ, எங்காவது நியூட்ரல் அறுந்தால்தான் விபரீதம். அப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், விளக்கு எல்லாவற்றின் வழியாகவும் பேஸ் அழுத்தம் நியூட்ரல் வயருக்கு வந்து, அந்தத் துண்டு வயர் மூலம் ஃப்ரிட்ஜின் உடம்பில் ஏறும். ஃப்ரிட்ஜில் எந்தப் பழுதும் இல்லை. பாதுகாப்புக்காகக் கொடுத்த மூன்றாவது பின்தான் அதில் மின்சாரத்தை ஏற்றுகிறது. எர்த்தே கொடுக்காத ஃப்ரிட்ஜ் இதைவிட மேல் என்று சொல்லும்படியான நிலை. இப்படித் துண்டு வயர் போட்ட வீட்டில், அந்த எர்த் முனை குழியோடும் இணைந்திருக்கும்போது, ஆர்.சி.சி.பி.யைப் பொருத்தினால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பங்கு எர்த் வழியாகப் போவதைக் கண்டு அது உடனே விழும். தொல்லை என்று நாம் சலித்துக்கொள்வது, சுவருக்குள் ஒளித்துவைத்த ஒரு குற்றத்தை அது காட்டிக்கொடுப்பதாக இருக்கலாம். பைபாஸ் செய்வதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டியதன் காரணம் இதுதான்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம்மிடம் இருக்கும் வழக்கமான முறைகள் எதுவும் இதைக் காட்டாது என்பது இந்த விஷயத்தின் கசப்பான பகுதி. நியான் டெஸ்டரை பச்சை வயரில் வைத்தால் எரியாது. வயர் அறுந்து அந்தரத்தில் தொங்கினாலும் எரியாது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு நூறு வாட் குண்டு பல்பைப் போட்டு, பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது என்பது பல வயர்மேன்களின் நம்பிக்கை. அந்த பல்ப் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 20 ஓம் குழியில் ஒன்பது வோல்ட்டுக்குள்தான் இழக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. துண்டு வயர் போட்ட சாக்கெட்டில் இன்னும் பளிச்சென்று எரியும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்டிருக்கும் சோதனைப் பட்டனை அழுத்தினால் கருவி விழுகிறதே, அது போதாதா? அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே ஒரு சின்ன மாற்றுப் பாதையைத் திறந்து கணக்கைக் குலைக்கிறது. கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சான்று. எர்த் குழியைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. குழியை அளக்க எர்த் டெஸ்டர் என்றே ஒரு கருவி உண்டு. மண்ணில் சற்றுத் தள்ளி இரண்டு கம்பிகளை அடித்து, மின்னோட்டம் விட்டு, ஓமில் எண்ணைக் காட்டும். மெயின் போர்டிலிருந்து சாக்கெட்டின் எர்த் துளைவரை வயர் தொடர்ச்சியாக வருகிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மின் உரிம வாரியத்தின் சான்றிதழ் பெற்றவர்களிடம் இதைக் கேட்டுப் பெறலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

குழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 சொல்வது குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழாய். நடைமுறையில் நான்கடிக் கம்பியை அடித்துவிட்டு மேலே சிமென்ட் பூசிவிடுவதும் நடக்கிறது. உப்பு தடையைக் குறைக்கும், குழாயையும் அரிக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய குழியில் இரும்புத் துரு மட்டும் மிஞ்சியிருக்கலாம். குடிநீர்க் குழாயில் எர்த் கட்டும் பழைய வழக்கம் இரும்புக் குழாய்களோடு முடிந்துபோனது. இன்று சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் குழாய். அதில் கட்டிய எர்த் எங்கும் போய்ச் சேராது.

ஆர்.சி.சி.பி.யை நான் பெரிதும் வலியுறுத்துவதால் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு கையில் பேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தவரை அது ஒரு மின்விளக்காகத்தான் பார்க்கும்; போனது வந்துவிடுகிறது, கணக்கில் குறை இல்லை. சாக்கெட்டில் தளர்ந்த திருகு சூடேறித் தீப்பிடிப்பதும் அதற்குத் தெரியாது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 போடுவது, பின்னால் இருக்கும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயரை அடுப்பில் வைப்பதற்குச் சமம்; அந்தத் தவறை எந்த ஆர்.சி.சி.பி.யாலும் ஈடுகட்ட முடியாது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் கீசர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கும் நல்ல பழக்கம்கூட அரைப் பயன்தான் தரும். சுவிட்ச் நியூட்ரலை வெட்டிவிட்டு பேஸை உள்ளே விட்டுவைக்கும். கடையில் 100, 300 மில்லிஆம்பியர் என்று எழுதிய ஆர்.சி.சி.பி.களும் கிடைக்கின்றன. ட்ரிப் ஆகாது என்று சொல்லி அவற்றை விற்பார்கள். அவை கசிவால் தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற 30தான், கருவியின் முகப்பில் 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யும் புதுவகை வாஷிங் மெஷினும் உள்ள வீடுகளுக்கு 'ஏசி' வகையைவிட 'ஏ' வகை நல்லது. அந்த இயந்திரங்களின் கசிவு ஒருதிசைத் துடிப்பாக வரும்போது முதல்வகை அதைக் கவனிக்கத் தவறலாம்.

பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பும் வீடுகளிலும் ஒரு ஓட்டை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது: பேட்டரி இன்வெர்ட்டர். கரண்ட் போனால் எரியும் விளக்கு, ஃபேன், சில சாக்கெட்டுகள் எல்லாம் இன்வெர்ட்டரின் வெளிவரும் லைனிலிருந்து ஓடுகின்றன. மெயின் போர்டிலுள்ள ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை. இன்வெர்ட்டர் பொருத்த வருபவர்கள் வயர் மிச்சப்படுத்த வீடு முழுக்க ஒரே நியூட்ரலைப் பொதுவாக வைத்துவிடுவதால், கரண்ட் இருக்கும்போது இரண்டு லைன்களின் கணக்கும் ஒன்றோடொன்று கலந்து ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழும். அப்போதும் பழி கருவியின் மேல்தான் விழுகிறது. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்து, அதற்கென்று தனி ஆர்.சி.சி.பி. வைத்து, கரண்ட் இல்லாத நேரத்தில் இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு எப்படி இணைகிறது என்பதையும் சரிபார்ப்பதுதான் முறை. பின்னதைச் செய்யாவிட்டால் தனி ஆர்.சி.சி.பி.யும் கசிவைக் காணாமல் போகலாம்.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகளுக்குக் கசிவுப் பாதுகாப்புக் கருவியைக் கேட்கின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் அண்மை ஆண்டுகளில் வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் கருவியை வலியுறுத்தியிருக்கிறது. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது இவை ஓரளவு பார்க்கப்படலாம். முப்பது வருடத்துக்கு முன் மர ரீப்பர் மேல் கிளிப் அடித்து வயரிங் செய்து, அதன்பிறகு ஏ.சி.யும் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒவ்வொன்றாகச் சேர்ந்த வீட்டுக்குள் மீண்டும் ஒருமுறை யாரும் வந்து பார்ப்பதில்லை. வாடகை வீடு என்றால் இன்னும் சிக்கல்: செலவு வீட்டுக்காரருடையது, தொடும் கை குடியிருப்பவருடையது. குடியிருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடிபோகும் முன் மெயின் போர்டைத் திறந்து பார்த்து, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதில் 0.03 என்று இருக்கிறதா, 'டி' பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, எர்த் குழியை எப்போது அளந்தீர்கள், எத்தனை ஓம் வந்தது என்று கேட்கலாம். சுண்ணாம்பு அடித்த தேதி தெரிந்த வீட்டுக்காரருக்கு இந்த எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அளக்கச் சொல்லலாம்.